வீட்டுக்குப் போகும் துஆ

பொருள் தெரியாத ஒரு துஆவுக்கு, ஓர் அரபு வேண்டுதலுக்கு, நானாகவே ஒரு பொருள் வைத்து, அதை ஒன்பது பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. நாமக்கல்லுக்கு வெளியே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் விடுதியில், ஆறாம் வகுப்பில் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

எங்கள் வீடு பள்ளிபாளையத்தில். திருச்செங்கோட்டில் இறங்கி ஒரு பஸ் மாறினால் நாமக்கல். மொத்தமே இரண்டு மணி நேரப் பயணம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிடம் மட்டும் போனில் பேசலாம், மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று ஆன பிறகு, இரண்டு மணி நேரம் என்பது எவ்வளவு தூரம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அத்தா விசைத்தறிப் பட்டறைகளில் மோட்டார் பழுது பார்ப்பவர். "நம்ம புள்ள டாக்டராகோணும்" என்று அவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே என்னை விடுதியில் சேர்த்தது அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. என் துணிகளில் நம்பர் தைத்தாள், பெட்டியை மூன்று தடவை பிரித்து அடுக்கினாள். அவள் என் கட்சி என்று நான் முடிவு செய்துகொண்டேன். அத்தாவை எதிர்க்க முடியாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், பாவம்.

கிளம்புகிற அன்று காலையில் அம்மா என் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு துஆவை எழுதினாள். அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். ஒன்றரை வரிதான். மதரஸாவில் நான் நிறைய ஓதியிருந்தாலும் இது புதிது.

"ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னாடியும் இத ஓது கண்ணு. மனசு தவிக்கறப்பவும் ஓது."

"ஓதிட்டு என்னம்மா கேக்கறது?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம். இதே போதும்."

அர்த்தம் என்ன என்று நான் கேட்கவில்லை. அத்தா வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மதரஸாவில் ஓதியதற்கும் நான் அர்த்தம் கேட்டதில்லை. அரபு என்பது ஓதுவதற்கு, தமிழ் என்பது கேட்பதற்கு என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்தது. கேட்கவே வேண்டாம் என்று அம்மா சொன்னால், கேட்க வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது என்றுதானே பொருள்? என்னை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் துஆ அது. அத்தாவுக்குத் தெரியாமல் அம்மா எனக்குக் கொடுத்த ஆயுதம்.

ஜூலையின் முதல் ஞாயிறு இருவரும் வந்தார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "போகப் போகப் பழகிடும்" என்றார் அத்தா. அம்மா குனிந்து என் காதருகில் ஒன்றுதான் கேட்டாள்: "ஓதறியா?" நான் தலையாட்டினேன். இரண்டு சதிகாரர்கள் பேசிக்கொள்வது போல இருந்தது எனக்கு. அந்த ஒரு கேள்வியிலேயே பாதி அழுகை நின்றுவிட்டது.

எங்கள் அறையில் நாற்பது பேர். இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள். நாற்பதில் முஸ்லிம் பெண் நான் ஒருத்திதான். தொழுவதற்கு மொட்டை மாடியில் ஒரு மூலையைக் காட்டி வார்டன் மேம் அனுமதி கொடுத்திருந்தார். தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா எங்கள் பக்கத்தில் மேற்கே, கொஞ்சம் வடக்கு சாய்ந்தாற்போல. நாமக்கல்லிலிருந்து பள்ளிபாளையமும் ஏறக்குறைய அதே பக்கம்தான். மழை பெய்து வானம் வெளுத்த நாட்களில் திருச்செங்கோட்டு மலை அந்தத் திசையில் மங்கலாகத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் ஆறு, ஆற்றங்கரையில் ஊர், ஊரில் வீடு, வீட்டில் தையல் மிஷின் முன்னால் அம்மா. தொழும்போது நான் யாரை நோக்கி நின்றேன் என்று கேட்டால் அன்று என்னால் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்க முடியாது.

என் மேல் கட்டில்காரியின் பெயர் மௌனிகா. பெயரில் மட்டும்தான் மௌனம். பல் துலக்கும்போதுகூடப் பேசுவாள். கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். வீட்டில் மரவள்ளிக் காடு, இரண்டு மாடு, அம்மா, தம்பி. அவள் அப்பா போர்வெல் வண்டியில் வேலை பார்த்தார். ரிக் வண்டி என்று சொல்வார்கள். வடக்கே எங்கெங்கோ போய் மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் மட்டும் ஊர் வருவார்.

ஒரு ஞாயிறு மதியம். துவைத்த துணியைக் காயப்போட வாளியுடன் மாடிக்கு வந்த மௌனிகா, தொழுது முடித்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"யாருகிட்ட பேசிட்டு இருக்கற?"

"பேசல. ஓதறேன்."

"எதுக்கு?"

தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வீட்டுக்குப் போறதுக்கு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "நெசமாவா? போலாமா?"

"எங்கம்மா எழுதிக் குடுத்தாங்க."

அந்த ஒரு சான்று எங்கள் இருவருக்குமே போதுமானதாக இருந்தது.

"எனக்கும் சொல்லிக் குடுடி. அப்பா பதினெட்டுக்கு ஊருக்கு வருது. எங்களுக்கு லீவு இல்லையாமா, டெஸ்ட் வெக்கறாங்களாமா. அப்பா வாரப்ப நான் ஊட்ல இருக்கோணும்."

ஒரு முஸ்லிம் துஆவை இன்னொரு மதத்துப் பெண்ணுக்குச் சொல்லித் தரலாமா என்று நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். அவள் வீட்டிலிருந்து வந்த முறுக்கை நான் தின்றிருக்கிறேன். அதனால் தரலாம் என்று தீர்மானித்தேன்.

அவளுக்கு அரபு நாக்கில் நிற்கவில்லை. "ஷுக்ரிக" என்ற இடத்துக்கு வந்ததும் "சுக்-ரிக்கா" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கண் அகன்றது.

"எங்கப்பா வண்டி பேரு வருது பாரு! ரிக்கு!"

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் தவறவே விடவில்லை. மற்றதையெல்லாம் முணுமுணுப்பாள், அந்த இடம் மட்டும் சத்தமாக வரும்.

விதிமுறைகளை நான்தான் உண்டாக்கினேன். ஒரு நாளைக்கு மூன்று முறை. நடுவில் பேசக் கூடாது. பேசாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டம் என்பதால், துஆவுக்கு ஒரு கஷ்டம் இருந்தால்தான் மதிப்பு என்று நினைத்து இதைச் சேர்த்தேன். வீட்டைப் பார்த்து நிற்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. என் வீடு மேற்கே. அவள் வீடு கிழக்கே, கொல்லிமலைக்குக் கீழே.

"நீ அந்தப் பக்கம் பாரு, நான் இந்தப் பக்கம் பாக்கறேன்" என்றாள் மௌனிகா.

அப்படியே நின்றோம், முதுகோடு முதுகாக. அவளுடைய மலை என்னுடையதை விடப் பக்கத்தில், நீலமாக, மரம் செடி தெரிகிற அளவுக்கு இருந்தது. கோழிப்பண்ணைகளிலிருந்து காற்று வீசும்போது இருவரும் சேர்ந்தே மூக்கைப் பொத்திக்கொள்வோம். அது மட்டும் விதியில் விலக்கு.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அறிவியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஆயாம்மா வாசலில் வந்து நின்று, "மௌனிகாவ பையோட வரச் சொன்னாங்க மிஸ்" என்றார். மௌனிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை இப்போதும் என்னால் நினைக்க முடிகிறது. பரிசுச் சீட்டில் தன் எண் விழுந்ததைப் பார்த்தவள் போல இருந்தாள்.

எங்கள் வகுப்பின் ஜன்னலிலிருந்து கேட் தெரியும். அவளுடைய மாமா பைக்கில் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவள் ஓடிப் போய் அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சிரித்துக்கொண்டே போனாள்.

எனக்கு வயிறு எரிந்தது. எழுதிக் கொடுத்தது என் அம்மா, ஓதியது முதலில் நான், விதிமுறை என்னுடையது. வீட்டுக்குப் போனது மட்டும் அவள். அன்று மதியச் சாப்பாட்டில் வைத்த முட்டையைக்கூட நான் தொடவில்லை.

செய்தி அறை முழுவதும் பரவியது. ஆடிப் பதினெட்டுக்கு லீவே கிடையாது என்று சொன்ன விடுதியிலிருந்து, ஒரு வாரம் முன்னதாகவே ஒருத்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றால் சும்மாவா? அடுத்த இரண்டு நாளில் எட்டுப் பேர் என்னிடம் வந்தார்கள். என் எரிச்சலை மறைத்துக்கொண்டு ஆசிரியை ஆனேன். ஞாயிறு காலை எட்டுப் பேரும் மாடியில் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள். தர்மபுரிக்காரி வடக்கே, கரூர்க்காரி தெற்கே. ஜலகண்டாபுரத்துக்காரிக்குத் தன் ஊர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மெதுவாகச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

வார்டன் மேம் மாடிக்கு வந்துவிட்டார்.

"என்னடி இது, ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டு நிக்கறீங்க?"

யாரோ ஒருத்தி உளறிவிட்டாள். "மேம், இதச் சொல்லித்தானுங்க மௌனிகா ஊட்டுக்குப் போனா."

வார்டன் மேம் முகம் மாறியது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரையும் பார்த்தார்.

"கீழ போங்க சாமி. வெயில் ஏறுது" என்றார்.

அதுவரை எங்களை அவர் சாமி என்று கூப்பிட்டதே இல்லை. துஆவின் சக்தியைக் கண்டு பயந்துவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஆகஸ்டின் முதல் ஞாயிறு வந்தது. அம்மா நெய்ச்சோறு கொண்டுவந்திருந்தாள். அத்தா மிஸ்ஸைப் பார்க்க உள்ளே போய்விட்டார். புங்க மரத்தடியில் நானும் அம்மாவும் மட்டும். அவள் தட்டில் சோற்றைப் போடுவதற்குள் நான் புகாரை ஆரம்பித்துவிட்டேன்.

"அம்மா, நீ எழுதிக் குடுத்தது எனக்கு வேலை செய்யல. மௌனிகாவுக்கு மட்டும் செஞ்சிருச்சு."

"என்ன வேலை செய்யல?"

"வீட்டுக்குப் போற துஆ."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். முதுகோடு முதுகாக நின்றதைச் சொன்னபோது சிரித்தாள். ஜலகண்டாபுரத்துக்காரி சுற்றியதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கையிலிருந்த கரண்டியைக் கேரியரில் வைத்தாள்.

"ஊட்டுக்குப் போறதப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லையே கண்ணு."

"பின்ன என்ன இருக்குது?"

"உன்னைய நெனச்சிட்டு இருக்கறதுக்கும், உனக்கு நன்றி சொல்றதுக்கும், உன்னைய நல்லபடியா வணங்கறதுக்கும் எனக்கு ஒத்தாசை பண்ணுன்னு அல்லாகிட்ட கேக்கறது. நன்றி சொல்ற மனசு வந்துருச்சுன்னா தவிப்பு அடங்கிரும். அதுக்குத்தான் எழுதிக் குடுத்தேன்."

நான் அவளையே பார்த்தேன்.

"எதுக்கு நன்றி?"

அம்மா திரும்பி, எனக்குப் பின்னால் இருந்த மூன்று மாடிக் கட்டடத்தைப் பார்த்தாள். "இத்தாப் பெரிய பள்ளிக்கூடத்துல நீ படிக்கற. அதுக்கு."

இரண்டு மாதமாக, தினமும், தொழுகை தவறாமல், என்னை இங்கே கொண்டுவந்து அடைத்ததற்காக நன்றி சொல்ல உதவி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதைச் சொல்லச் சொன்னது என் கட்சிக்காரி. எனக்கு அழுகை வரவில்லை. அழுகையை விட மோசமான ஒன்று வந்தது. தட்டைத் தள்ளினேன்.

"நீயும் அத்தா மாதிரிதான்."

"அத்தா மேல தப்பு இல்ல கண்ணு" என்றாள் அம்மா.

அந்தச் சொல்லுக்குள் என்ன இருந்தது என்று நான் நின்று பார்க்கவில்லை. மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் எழுந்து விடுதிக்குள் போனேன். ஸலாம் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவள் என்னைக் கூப்பிடுவாள் என்று காத்துக்கொண்டே நடந்தேன். கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து துஆவை விட்டுவிட்டேன். தொழுதுவிட்டு உடனே எழுந்துவிடுவேன். எட்டுப் பேரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறு மூன்று நிமிட போனிலும் அத்தாவிடம் மட்டும் பேசினேன். "அம்மாகிட்ட குடுக்கட்டா?" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மாலை வார்டன் மேம் எங்கள் அறைக்கு வந்து எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"நாளைக்கு மௌனிகா வாரா. அவங்கப்பா தவறிட்டாரு. போர் போடற எடத்துல விபத்து. யாரும் அவகிட்ட எதையும் நோண்டிக் கேக்கக் கூடாது. சரிங்களா?"

அவளை அழைத்துப் போன மாமா ஏன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றே மாடிக்குப் போவதை எட்டுப் பேரும் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர்க் குழாய் வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் இடம் காலியாக விழுந்தது. "இவ சொல்லிக் குடுத்ததுதான்" என்று கரூர்க்காரி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அவள் முயலக்கூட இல்லை.

மௌனிகா வந்தாள். இளைத்திருந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். படிப்பதற்கு உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். மேல் கட்டிலிலிருந்து ஒரு சொல்கூடக் கீழே இறங்கி வரவில்லை. மூன்று நாள் இப்படிப் போயிற்று. ஞாயிறு மதியம் வாளியோடு மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

அவள் கொல்லிமலையைப் பார்க்காமல் கொடியில் துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசுவதற்கு முன் அவளே பேசினாள்.

"நான்தான கேட்டேன்?"

"என்ன?"

"அப்பா வாரப்ப நான் ஊட்ல இருக்கோணும்னு. பதினெட்டுக்கு முந்தியே அப்பா வந்துருச்சு. ஆம்புலன்ஸ்ல. நானும் ஊட்ல இருந்தேன்." ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். "நான் கேக்காம இருந்திருந்தா பதினெட்டுக்கு நல்லபடியா வந்திருக்கும்."

அவள் மனதில் இத்தனை நாளும் இதுதான் இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவிடம்கூட.

உண்மையைச் சொன்னால் இவளும் போய்விடுவாள், நாற்பது பேரில் எனக்கு ஒருத்திகூட மிஞ்ச மாட்டாள் என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னேன்.

"அது வீட்டுக்குப் போற துஆ இல்ல மௌனிகா. எனக்கு அப்ப அர்த்தமே தெரியாது. நானாவே சொன்னேன். பொய்."

"பொய்யா?"

"பொய்."

கையிலிருந்த ஈரச் சட்டையால் என்னை அடித்தாள். முகத்தில் ஒன்று, தோளில் ஒன்று. நான் நகரவில்லை. மூன்றாவது அடிக்கு ஓங்கியவள் அப்படியே நிறுத்தினாள்.

"அப்ப நான் கேட்டது சாமிக்குப் போகலையா?"

"போகல. நீ அதைக் கேக்கவே இல்ல. நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்ன. அதுல அப்படி எதுவும் இல்ல."

அவள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து, சத்தம் போட்டு அழுதாள். வந்த மூன்று நாளில் அவள் அழுததை நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொடியிலிருந்து சொட்டிய தண்ணீர் எங்கள் இருவர் மேலும் விழுந்தது.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "பின்ன என்னதான் கேட்டோம்?"

"நன்றி சொல்றதுக்கு ஒத்தாசை பண்ணச் சொல்லி."

"நன்றிக்கு எந்த வார்த்தை?"

"ஷுக்ரிக."

அவள் அதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"எதுக்கு நன்றி?"

நான் அம்மாவிடம் கேட்ட அதே கேள்வி. அம்மா சொன்ன பதிலை இவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிலை நானே ஏற்கவில்லை. மௌனிகா முழங்காலைக் கட்டிக்கொண்டு யோசித்தாள்.

"போன பொங்கலுக்கு வந்தப்ப அப்பா இருபத்தோரு நாள் இருந்துச்சு" என்றாள். "எப்பவும் பத்து நாள்தான் இருக்கும். வண்டி ரிப்பேருன்னு அந்தத் தடவ மட்டும் இருபத்தோரு நாள்."

அந்த இருபத்தோரு நாளையும் சொல்ல ஆரம்பித்தாள். பைக்கில் வைத்து அடிவாரத்து ஓடைக்குக் கூட்டிப்போனது. மரவள்ளிக் கிழங்கை அடுப்பில் சுட்டுக் கொடுத்தது. இந்தி பேசிக் காட்டி அவளுடைய அம்மாவைச் சிரிக்க வைத்தது. தம்பிக்கு மொட்டை அடிக்கும்போது அவன் அழக் கூடாது என்று தானும் கூடவே மொட்டை அடித்துக்கொண்டது. பேசப் பேசப் பழைய மௌனிகாவின் வேகம் கொஞ்சம் திரும்பி வந்தது. இடையிடையே அழுதாள். ஆனால் நிறுத்தவில்லை.

கடைசியில், "இன்னொருக்கா சொல்லிக் குடு. எனக்கு நடுவுல மறந்துபோச்சு" என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் நான் உடன் சேர்ந்து சொன்னேன். என் மனம் அதில் இல்லை. அப்பாவை இழந்தவள் நன்றி சொல்ல ஏதோ ஒன்றைத் தேடி எடுத்துவிட்டாள். மாதம் தவறாமல் அம்மா வந்து பார்த்த எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை. இது எப்படி என்று அன்று எனக்குப் புரியவில்லை. அவள் என்னை விடக் கெட்டிக்காரி என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு போனில் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரிசையில் நிற்கும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"சாப்ட்டியா கண்ணு?"

"சாப்ட்டேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்தப் பக்கமும் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மூன்று நிமிடமும் அப்படியே கழிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயேதான் படித்தேன். டாக்டர் ஆகவில்லை. ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மௌனிகா பத்தாவதோடு போய்விட்டாள். அவள் கொடுத்த எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். சேந்தமங்கலம் என்று பெயர்ப்பலகை போட்ட பஸ்ஸை எங்கே பார்த்தாலும் ஜன்னலோரத்துப் பெண்களை ஒருமுறை பார்த்துவிடுவேன்.

போன ரமலானுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, நோன்பு திறந்த பின் அத்தாவும் நானும் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். அம்மா அடுப்படியில் இருந்தாள். விடுதிப் பேச்சு வந்தது. "நீங்க என்னைக் கொண்டுபோயி அடைச்சீங்களே" என்று விளையாட்டாகச் சொன்னேன். அத்தா ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இத்தன வருசமா நான்னா நெனச்சிட்டு இருந்த? எனக்கு உன்ன விடறதுக்கே மனசில்ல. எல்லாம் உங்கம்மா புடிச்ச புடி. அவள எட்டாவதோட நிறுத்திட்டாங்கள்ல, எம்புள்ளய யாரும் நிறுத்தக் கூடாதுன்னுட்டா."

பிறகு அந்த ஆகஸ்டு ஞாயிற்றைப் பற்றிச் சொன்னார். திரும்பி வரும்போது திருச்செங்கோட்டில் பஸ் மாற இறங்கினார்களாம். பள்ளிபாளையம் பஸ் வந்து நின்றதாம். அம்மா ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. வா, திரும்பிப் போயிக் கூட்டிட்டு வந்தரலாம், இன்னும் நேரமிருக்குதுன்னேன். வேண்டாம்னு தலைய ஆட்டிட்டா. வாய் மட்டும் என்னமோ ஓதிட்டே இருந்துச்சு. டீ வாங்கிக் குடுத்தேன், ஆறிப்போயி ஏடு கட்டிருச்சு. நாலு பஸ் போச்சு. அஞ்சாவது பஸ் வாரப்ப எந்திரிச்சு, போலாங்கன்னா."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்குது? வெயிலு, தலை சுத்துச்சு, உக்காந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

இரண்டு மணி நேரத் தூரத்தில் பாதி வழியில் அவள் உட்கார்ந்திருந்தாள். திரும்பி என்னிடம் வருவதற்கும் வீட்டுக்குப் போவதற்கும் ஒரே தூரம். அந்த நான்கு பஸ்கள் போகிற நேரத்தில் நான் விடுதிக் கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். என்னை விட்டுவிட்டு நன்றி சொல்லிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டவளாக அம்மாவை நினைத்து, அவளைப் போல ஒருபோதும் ஆகக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டிருந்தேன்.